கண்ணாடிக்குள் ஒரு குறிஞ்சி

சிங்கப்பூருக்குச் சென்று திரும்புவோர் சொல்லும் கதைகள் பெரும்பாலும் கடைகளையும் வானளாவிய கட்டடங்களையும் பற்றியனவாகவே இருக்கும். அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆயினும், அந்நகரத்தை நன்கு அறிய விரும்புவோர் முதலில் அங்குள்ள மரங்களைப் பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

சாங்கி விமானநிலையத்திலிருந்து நகருக்குச் செல்லும் பெருந்தெருவின் இருமருங்கிலும் தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்து நிற்கின்றன. மாலையிலும் மழைமூட்டத்திலும் இலைகளை மடித்துக்கொள்ளும் இம்மரத்தின் பிறந்தகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஆகும். புகுந்த வீட்டையே தன் வீடாக்கிக்கொண்ட நல்ல மருமகளைப்போல, இன்று அது சிங்கப்பூருக்கே உரிய மரமாகிவிட்டது. வெயிலிற் செல்லும் வழிப்போக்கர் எவரும் அதன் பிறப்பை விசாரிப்பதில்லை. அதன் நிழலையே நாடுகின்றனர்.

கல்லூரி விடுமுறையின்போது, அங்கு வாழும் எம் தங்கையின் குடும்பத்தாரோடு ஒரு வாரம் தங்கியிருந்தோம். எங்கே செல்ல விருப்பம் என்று தங்கை கேட்டாள். நாம் பதில் கூறுமுன், பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயிலும் அவளுடைய மகன், “மாமாவுக்கு ஒரு மலை காட்டப்போகிறேன்” என்றான். சிங்கப்பூரிலே மலையா என்று வியந்தோம். அந்நாட்டின் மிகவுயர்ந்த குன்றாகிய புக்கித் தீமா 164 மீற்றர் உயரமே உடையது. நமது பீதுருதாலகால 2,524 மீற்றர். ஆனால் அவன் காட்டவிருந்த மலை இயற்கை தந்ததன்று, மனிதர் கட்டியது. அது கரையோரப் பூந்தோட்டத்தினுள்ளே, கண்ணாடிக் கூடமொன்றில் இருக்கின்றது.

கடல் இருந்த இடம்

கரையோரப் பூந்தோட்டத்துக்கு நிலத்தடியால் ஓடும் புகையிரதத்திற் சென்றோம். (புகை அதில் இல்லை, பழக்கத்தாற் சொல்கின்றோம்.) பூங்காவின் பெயரையே தாங்கிய நிலையமொன்று 2022ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நிலையத்தை விட்டு வெளியேறினால் எதிரே பூங்கா.

நாம் கால்வைத்த அந்த மண், ஒரு தலைமுறைக்கு முன்னே மண்ணாக இருக்கவில்லை. 1970களிலும் 1980களிலும் கடலை நிரப்பி உண்டாக்கப்பட்ட நிலம் அது. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீற்றராக இருந்த சிங்கப்பூரின் பரப்பு, இவ்வாறு கடலைத் தூர்த்ததனால் இன்று 730 சதுர கிலோமீற்றருக்கும் மேலாகப் பெருகியுள்ளது. நகரின் நடுவே, கடலைப் பார்த்திருக்கும் அத்தகைய நிலத்தின் விலை என்னவாயிருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதிலே மாடிக் கட்டடங்களை எழுப்பியிருந்தாற் பெரும் பொருள் கிடைத்திருக்கும். அவ்வாறு செய்யாது, 101 ஹெக்டயரை, அதாவது ஏறத்தாழ 250 ஏக்கரை, பூங்காவுக்கென ஒதுக்கினர்.

இம்முடிவு திடீரென உதித்ததன்று. பிரதமர் லீ குவான் யூ 1963ஆம் ஆண்டில் ஒரு மரக்கன்றை நாட்டி மரநடுகை இயக்கத்தைத் தொடக்கிவைத்தார். 1967இல், சிங்கப்பூரைத் தோட்ட நகரமாக்கும் நோக்கம் அறிவிக்கப்பட்டது. வேலையில்லாத் திண்டாட்டமும் வீட்டுப் பஞ்சமும் நிலவிய காலத்தில் மரங்களைப் பற்றிப் பேசுவது சிலருக்கு ஆடம்பரமாகத் தோன்றியிருக்கலாம். அந்த மரங்கள் வளர்ந்து நிழல் தந்தபின், 2005ஆம் ஆண்டில், பிரதமர் லீ சியன் லூங் இக்கடற்கரைப் பூங்காவின் திட்டத்தை நாட்டு மக்களுக்கு அறிவித்தார். தாவரவியலறிஞர் டாக்டர் டான் வீ கியாட் அவர்களின் தலைமையில் வேலை நடைபெற்றது. பிரித்தானிய நிலவமைப்பாளரும் கட்டடக் கலைஞரும் வரைபடம் தந்தனர். மூன்று பகுதிகளுட் பெரியதாகிய, 54 ஹெக்டயர் கொண்ட தெற்குப் பகுதி 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது.

இரும்பிலே மரங்கள்

உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கவர்பவை பெருமரங்கள் எனப்படும் பதினெட்டு அமைப்புகள். 25 மீற்றர் முதல் 50 மீற்றர் வரை உயர்ந்து, உச்சியிற் புனலைப்போல விரிந்து நிற்கின்றன. நடுத்தண்டு கொங்கிரீட்டினால் ஆனது. அதைச் சுற்றி உருக்குச் சட்டம். சட்டத்தின்மேற் செடிகளைத் தாங்கும் பலகைகள். பன்னங்களும் ஓர்க்கிட்களும் கொடிகளும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகளும் அவற்றைப் போர்த்திருக்கின்றன. இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த 162,900 செடிகளை இப்பதினெட்டிலும் நாட்டினராம்.

உண்மையைச் சொன்னால், முதற் பார்வையில் இவை எமக்கு உவப்பாக இருக்கவில்லை. ஆலமர நிழலிலும் வேப்பமர நிழலிலும் வளர்ந்த கண்ணுக்கு இரும்பு மரம் எவ்வாறு மரமாகும்? எமது முகக்குறிப்பைக் கண்ட மருமகன், “மாமா, இது மரமில்லை. ஆனால் மரம் செய்கிற வேலையிற் சிலதைச் செய்யும்” என்றான். சிலவற்றின் உச்சியில் வெயிலை மின்சாரமாக்கும் தகடுகள் உள்ளன. சில, கண்ணாடிக் கூடங்களின் இயந்திர அறைகளிலிருந்து வரும் வெப்பக் காற்றை வெளியேற்றும் புகைபோக்கிகளாகப் பயன்படுகின்றன. புகைபோக்கியை நகரின் நடுவே நிறுத்தவேண்டிய நிலை வந்தபோது, அதற்கு மலரும் கொடியும் சூட்டி மரமாக்கிவிட்டனர்.

“ஆலமரம் இந்த உயரத்துக்கு வர எத்தனை வருஷம் செல்லும்? அதுவரை நிழலுக்குக் காத்திருக்க முடியாது என்று நினைத்திருக்கிறார்கள்” என்று அவன் மேலும் சொன்னான். அவன் கூற்றில் நியாயம் இருந்தது. இரும்பு மரங்களின் காலடியிலே உண்மையான மரங்கள் நாட்டப்பட்டு, இப்போது தோப்பாகி வருகின்றன. இருட்டியபின் இப்பெருமரங்கள் இசைக்கேற்ப வண்ண விளக்குகளை ஏற்றி அணைக்கின்றன. அப்போது புல்தரையிலே சீனரும் மலாயரும் தமிழரும் வேற்றுநாட்டாரும் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்து மேலே பார்க்கின்றனர். வெளித் தோட்டத்துக்கோ இந்த விளக்குக் காட்சிக்கோ கட்டணம் இல்லை. கண்ணாடிக் கூடங்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கவேண்டும்.

பெருக்கமரத்தைக் கண்டோம்

கண்ணாடிக் கூடங்கள் இரண்டு. ஒன்று மலர்க் கூடம். 1.28 ஹெக்டயர் பரப்பில், நடுவே ஒரு தூண்கூட இன்றி, 3,332 கண்ணாடித் துண்டுகளாற் கவிக்கப்பட்ட இக்கூடம் உலகின் மிகப் பெரிய கண்ணாடித் தாவர இல்லமென 2015ஆம் ஆண்டு கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. மத்தியதரைக் கடற்கரை, தென் ஆபிரிக்கா, கலிபோர்னியா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களின் வறண்ட இளங்குளிர் நிலத்துச் செடிகள் இங்கே வாழ்கின்றன. வேதாகமத்திலும் கிரேக்க இலக்கியத்திலும் பெயரளவில் அறிந்திருந்த ஒலிவ மரங்களை இங்கே நேரிற் கண்டோம். முறுகித் திரண்ட அடிமரங்களைத் தொட்டுப் பார்க்கும் ஆவல் எழுந்தது; வேலி தடுத்தது.

சற்று அப்பாற் சென்றபோது எம் இல்லாள், “இது எங்கள் மன்னார் மரமல்லவா?” என்று நின்றுவிட்டாள். பருத்த குடம்போன்ற அடிமரமும், மேலே வேர்களைத் தலைகீழாக நட்டுவைத்தாற்போன்ற கிளைகளுமாகப் பெருக்கமரங்கள் நின்றன. மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை வாசகர் பலர் பார்த்திருப்பர். அதன் அடியின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். நெடுந்தீவிலும் அவ்வினம் உண்டு. ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டவை என்பர். சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் ஈரக் காற்றும் அதற்கு ஒவ்வா என்பதனால், கண்ணாடிக்குள் வைத்துப் பேணுகின்றனர். மன்னாரில் அது வேலியோரத்திலே, உப்புக் காற்றிலே, ஆடு மேய்ப்போருக்கு நிழலாக நிற்கின்றது.

இங்கே தொல்காப்பியரை நினையாதிருக்க எம்மால் இயலவில்லை. நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பூவையும் பறவையையும் கூறிய மரபு அவருடையது. அம்மரபை வகுத்தவரே அதற்கு ஒரு விலக்கும் வைத்தார். ஒரு நிலத்துக்குரிய பூவோ பறவையோ வேறொரு நிலத்திற் காணப்பட்டால் அதைக் குற்றமெனக் கொள்ளற்க. வந்து சேர்ந்த நிலத்துக்குரியதாகவே கொள்க என்பது அவ்விதியின் கருத்து. மன்னார்ப் பெருக்கமரத்துக்கும் சாங்கித் தூங்குமூஞ்சி மரத்துக்கும் இவ்விதி நன்கு பொருந்தும். கண்ணாடிக்குள் நிற்கும் இந்தப் பெருக்கமரத்துக்குப் பொருந்துமா? வந்த நிலத்தின் வெயிலையும் மழையையும் ஏற்றுக்கொண்டதே அந்த நிலத்துக்குரியதாகும். கண்ணாடியை நம்பி வாழ்வது எத்தனை காலம் சென்றாலும் விருந்தாளியே. இந்த எண்ணத்தோடு இரண்டாவது கூடத்தினுள் நுழைந்தோம்.

முகில் தவழும் மலை

அது முகிற்காட்டுக் கூடம். கதவு திறந்ததும் வெளியே இருந்த புழுக்கம் எங்கோ மறைந்து, குளிர்ந்த ஈரக் காற்று முகத்தில் அடித்தது. எதிரே 35 மீற்றர் உயரமான மலை. அடிமுதல் முடிவரை பன்னமும் பாசியும் ஓர்க்கிட்டும் பிகோனியாவும் படர்ந்து, கல்லோ சீமெந்தோ கண்ணிற் படாதபடி பச்சை மூடியிருந்தது. மலையின் மேலிருந்து அருவி விழுந்தது. அதன் சாரல் பட்டுச் சிறுவர்கள் கூவினர், முதியோரும் சிறுவராகினர்.

மின்தூக்கியில் மலையின் உச்சிக்கு ஏறி, பின்னர் சுற்றுப்பாதையால் நடந்து இறங்குதல் வேண்டும். வெப்பவலய நாடுகளின் மலைகளிலே, கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேல், முகில் வந்து தங்கும் உயரத்தில் வளரும் தாவரங்கள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன. உச்சியிலே பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடிகள் நிற்கின்றன. மண்ணிற் கிடைக்காத சத்தைப் பூச்சியிலிருந்து பெறுவதற்காக இலையின் நுனியைக் குடுவையாக்கிக்கொண்ட செடி இது. இக்குலத்தில் ஓரினம் இலங்கைக்கே உரியது; நமது தென்மேற்கு ஈரவலயத்தில் வளர்கின்றது. பிறநாட்டில் நம் ஊரவரின் உறவினரைக் கண்டதுபோல மகிழ்ந்தோம்.

மலையிலிருந்து வெளியே நீண்டு வளைந்து செல்லும் இரும்புப் பாலங்கள் உண்டு. அவற்றில் நின்றபோது, குறித்த நேரத்திலே எங்கும் பனிப்புகார் பரவத் தொடங்கியது. சில நிமிடங்களில் மலை மறைந்தது. அருவியின் ஒலிமட்டும் கேட்டது. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்று ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லிக்கொடுக்கும் எமக்கு, நெய்தல் நிலத்தின் நடுவிலே ஒரு குறிஞ்சியைக் கட்டி நிறுத்தியிருக்கும் இக்காட்சி பெரும் புதுமையாகத் தோன்றியது. கண்ணாடிக்கு வெளியே கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன; உள்ளே முகில் தவழ்ந்தது.

எம் இல்லாள்மட்டும் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, “நுவரெலியாவிலே சும்மா கிடைக்கிற குளிரை இங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள்” என்றாள். நகைச்சுவையாகவே சொன்னாள். ஆனால் அச்சொல் அன்று முழுவதும் எம்மை விட்டு அகலவில்லை.

குளிர் எவ்வாறு செய்யப்படுகின்றது?

மாணவர்களுக்காக இதனைச் சற்று விளக்குதல் நன்று. பூமத்தியரேகைக்கு அண்மையிலே, வெளியே 31, 32 பாகை செல்சியஸ் வெப்பம் அடிக்கும்போது, இக்கூடங்களினுள் 23 முதல் 25 பாகை வரை வைத்திருக்கின்றனர். செடிக்கு வெளிச்சம் வேண்டும், வெப்பம் வேண்டா. ஆதலால், ஒளியின் பெரும்பகுதியை உள்ளே விட்டு, வெப்பத்தின் பெரும்பகுதியைத் தடுக்கும் தனிவகைக் கண்ணாடியைப் பொருத்தியுள்ளனர். வெயில் கடுமையாகும்போது கூரையில் மறைந்திருக்கும் திரைகள் தாமே விரிகின்றன.

மாபெரும் கூடம் முழுவதையும் குளிர்விக்க முயல்வதில்லை. தரையின் கீழே குழாய்களிற் குளிர்நீர் ஓடுகின்றது. மனிதரும் செடிகளும் இருக்கும் கீழ்ப்பகுதியே குளிர்கின்றது. வெப்பக் காற்று இயல்பாகவே மேலெழுந்து கூரையருகிற் சேர, அங்கிருந்து வெளியேற்றப்படுகின்றது. காற்றைக் குளிர்விக்குமுன் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவமொன்றினூடாகச் செலுத்துகின்றனர். உலர்ந்த காற்றைக் குளிர்விக்கச் சக்தி குறைவாகவே வேண்டும். உறிஞ்சிய ஈரத்தைத் திரவத்திலிருந்து போக்க வெப்பம் தேவை. அந்த வெப்பம் எங்கிருந்து வருகின்றது? நகரத்துத் தெருமரங்களையும் பூங்காக்களையும் வெட்டிச் சீராக்கும்போது சேரும் கிளைகளையும் குப்பைகளையும் கொதிகலனில் எரிக்கின்றனர். அந்த நெருப்பு மின்சாரத்தையும் தருகின்றது. எஞ்சிய சாம்பல் செடிகளுக்கு உரமாகின்றது. வழக்கமான முறைகளோடு ஒப்பிடுமிடத்து 30 வீதமளவிலாவது சக்தி மிச்சமாகுமெனப் பூங்காவினர் கூறுவர்.

இத்தனை சாதுரியத்தையும் மெச்சாதிருக்க முடியாது. ஆயினும் மருமகனிடம் ஒன்று கேட்டோம். “இந்த இயந்திரங்கள் நின்றுவிட்டால் என்னவாகும்?” அவன் சற்று யோசித்து, “மேலதிக ஏற்பாடுகள் இருக்கும், மாமா. ஆனால் எல்லாமே நின்றுவிட்டால், கண்ணாடிக்குள் வெயில் ஏறும், இந்தச் செடிகள் தாங்கமாட்டா” என்றான். இந்தக் குறிஞ்சி ஒவ்வொரு மணிநேரமும் விலைகொடுத்து வாங்கப்படுகின்றது. ஒரு நாளும் அதற்கு ஓய்வு இல்லை.

ஐந்து பாகை

மலையிலிருந்து இறங்குவோர் கடைசியாக ஓர் இருட்டறையினூடாகச் செல்லவேண்டும். அங்கே பூமியின் வெப்பம் ஐந்து பாகை உயர்ந்தால் என்ன நிகழும் என்பதைப் படக்காட்சியாகக் காட்டுகின்றனர். பனிப்பாறைகள் உருகுகின்றன, காடுகள் எரிகின்றன, கடல் உயர்கின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முந்திய நிலையிலிருந்து பூமியின் சராசரி வெப்பநிலை ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டதென்பது அறிவியலார் அளந்து கூறிய உண்மை. அருவியில் நனைந்து ஆரவாரித்த சிறுவர்கள் அந்த அறையில் அமைதியாகினர். மேலே கண்ட முகிற்காட்டின் பொருள் அங்கேதான் விளங்கியது.

மலையில் ஏற ஏற, ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ ஆறு பாகைக்குமேல் வெப்பம் குறைகின்றது. சமவெளி சூடேறினால், தாவரங்களும் விலங்குகளும் தமக்கு ஏற்ற குளிரைத் தேடித் தலைமுறை தலைமுறையாகச் சற்று மேலே குடியேறலாம். ஆனால் ஏற்கெனவே உச்சியில் வாழ்பவை எங்கே செல்லும்? மலைக்கு மேலே வானமே உண்டு. முகிற்காடுகளுக்கு வந்திருக்கும் ஆபத்து இதுவே.

இவ்விடத்தில் நமது நாட்டு ஹோட்டன் சமவெளி எம் நினைவில் வந்தது. 2,100 மீற்றர் உயரத்தில், 3,160 ஹெக்டயர் பரப்பிற் கிடக்கும் அச்சமவெளி 1988இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மத்திய மலைநாட்டின் ஏனைய இரு வனங்களோடு சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. அங்கே முகிலை உண்டாக்க இயந்திரம் இல்லை. கடற்காற்று மலையில் மோதி எழுந்து தானே முகிலாகின்றது. குட்டையாய் வளைந்து நிற்கும் மரங்களின் இலைகளும் பாசிகளும் அம்முகிலைச் சீப்பினால் வாருவதுபோல வாரி, துளித்துளியாக மண்ணுக்குத் தருகின்றன. மழை பெய்யாத நாளிலும் அங்கே நீர் சொட்டும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளும் அம்மலைப் பிரதேசத்து ஊற்றுகளால் வளர்கின்றன. மகாவலியின் நீரால் விளைந்த சோற்றை உண்போரும், களனியின் நீரைக் குழாயிற் பிடித்துக் குடிக்கும் கொழும்பு வாசிகளும், அந்தக் குட்டை மரங்களுக்குக் கடன்பட்டவர்கள்.

அம்மரங்களிற் பல 1970கள் முதலாக நுனியிலிருந்து காய்ந்து மடிந்து வருகின்றன. மழைக்குறைவு, மண்ணின் நலக்குறைவு, காற்றோடு வரும் மாசு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. மடிந்த மரங்களின் வெண்ணிறக் கிளைகளை அங்கு செல்வோர் பாதையோரத்திலேயே காணலாம். உலக முடிவைப் பார்க்கும் அவசரத்தில் பெரும்பாலோர் அவற்றைப் பார்ப்பதில்லை. சும்மா கிடைப்பதன் விலையை எவரும் கேட்பதில்லை அல்லவா? அதே பொருளைச் செய்து பார்க்க முனைந்தவர்களிடம் சென்றாற்றான் விலை தெரியவரும். இரண்டு ஏக்கர் முகிற்காட்டை உயிரோடு வைத்திருப்பதற்குக் கண்ணாடியும் கொதிகலனும் குளிர்நீர்க் குழாயும் கணினியும் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் வேண்டியிருக்கின்றன. அப்படியாயின், மூவாயிரம் ஹெக்டயரை இயற்கை ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் காத்துத் தந்திருப்பதன் பெறுமதி என்ன?

வந்த நிலத்துக்கு உரியவை

மறுநாட் காலை, சிங்கப்பூரின் பழைய தாவரவியற் பூங்காவுக்குச் சென்றோம். புதியதைப் பார்த்தபின் பழையதையும் பார்த்தாலன்றி ஒப்புநோக்க இயலாதென எண்ணினோம். 1859ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அப்பூங்கா 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. பூங்கா உண்டாவதற்கு முன்பிருந்தே நிற்பதாகக் கருதப்படும் தெம்புசு மரமொன்றை, ஐந்து டொலர்த் தாளிலே அச்சிட்டுப் போற்றியுள்ளனர். உள்ளே ஒரு சிறு பகுதி, நகரம் தோன்றுமுன் தீவெங்கும் பரந்திருந்த பழங்காட்டின் எச்சமாக அப்படியே விடப்பட்டிருக்கின்றது. அதனுள் நுழைந்ததும் குளிர் தட்டியது. அக்குளிருக்கு இயந்திரம் இல்லை, சீட்டும் இல்லை.

இப்பூங்காவுக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளிற் பெரும்பகுதி அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நாட்டப்பட்டது. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888 முதல் இப்பூங்காவின் பொறுப்பை வகித்த ரிட்லி என்பவர், மரத்தை மாய்க்காமற் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அந்தக் கன்றுகளின் வழித்தோன்றல்களே மலாயாவை இறப்பர் நாடாக்கின.

இறப்பர் பரவிய அதே காலத்திலே யாழ்ப்பாணத்து இளைஞர்களும் கப்பலேறினர். புகையிரத நிலையங்களிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் எழுதுவினைஞராகவும் அதிகாரிகளாகவும் பணியாற்றி, அங்கேயே வேரூன்றினர். சிலோன் வீதியிலுள்ள செண்பக விநாயகர் ஆலயம் அவர்கள் வளர்த்த ஆலயம். குளக்கரையிலே ஒரு செண்பக மரத்தின் கீழ் விநாயகர் திருவுருவம் கண்டெடுக்கப்பட்டமையால் அப்பெயர் வந்தது என்பது வரலாறு. அன்று மாலை அங்கு வழிபடச் சென்றபோது, யாழ்ப்பாணத்துப் பேச்சின் சாயல் மாறாத முதியவர் ஒருவர் எமக்குத் திருநீறு தந்து ஊர் விசாரித்தார். அவருடைய பேரர்கள் மலாயும் சீனமும் கலந்த ஆங்கிலத்திற் பேசிக்கொண்டு பிரகாரத்தைச் சுற்றினர். தூங்குமூஞ்சியும் இறப்பரும்போல, இவர்களும் வந்த நிலத்தின் வெயிலையும் மழையையும் ஏற்றுக்கொண்டவர்கள், அந்நிலத்துக்கு உரியவர்கள்.

கரையோரப் பூந்தோட்டம் காணத்தக்கது. வாய்ப்புக் கிட்டும் குடும்பத்தினர் பிள்ளைகளை அழைத்துச் செல்லவேண்டும் என்றே சொல்வோம். வெட்டவெளியை மாலையிலும், கண்ணாடிக் கூடங்களை வெயிலேறும் நண்பகலிலும் பார்த்தல் நன்று. கடலைத் தூர்த்த மண்ணிலே, மலையில்லாத மக்கள், அரிய செடிகளின்மீது கொண்ட அக்கறையால் இத்தகையதொன்றை ஆக்கி, ஒரு சருகும் கிடவாதபடி நாள்தோறும் பேணி வருகின்றனர். அந்தப் பேணுதலையே நாம் அவர்களிடமிருந்து கற்கவேண்டும். இரும்பு மரத்தையும் கண்ணாடி மலையையும் அன்று.

அங்கு செல்ல வாய்ப்பில்லாத மாணவர்கள் வருந்த வேண்டியதில்லை. 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவும், 1861இல் மலைக்குளிரில் அமைந்த ஹக்கலைப் பூங்காவும் நம்மிடம் உள்ளன. ஹோட்டன் சமவெளி உண்டு. கல்லூரிச் சுற்றுலாவில் அங்கே செல்லும்போது, பேருந்தை விட்டிறங்கி ஐந்து நிமிடமேனும் ஒரு மரத்தின் கீழ் அமைதியாக நின்று, பாசியிலிருந்து சொட்டும் நீரைப் பாருங்கள். உணவுப் பொதி சுற்றிய தாளைத் திரும்ப எடுத்து வாருங்கள். அந்தத் துளியை ஒரு நாடு எத்தனை பாடுபட்டுச் செய்கின்றது என்பதை உங்கள் தோழருக்கும் சொல்லுங்கள்.